விசாரணை அறைக்குப் போகும் முன்: வரித்துறைச் சம்மன் குறித்து வாசகர் கேள்விகள்

சரக்கு சேவை வரி (ஜி.எஸ்.டி.) அதிகாரிகள் அனுப்பும் சம்மனைப் பற்றிச் சென்ற இதழில் சில வரிகள் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுக் குமுளி, வண்டன்மேடு, கொழிஞ்சாம்பாறை, ஆரியங்காவு, நகரி எனக் கேரள, ஆந்திர எல்லையோரத் தமிழர்களிடமிருந்து கடிதங்கள் வந்துள்ளன. விசாரணை நடந்துகொண்டிருப்பதால் எழுதியவர்களின் பெயர்களை விட்டுவிட்டேன்.

கேள்வி: ஐயா, நான் போடியில் குடியிருந்துகொண்டு வண்டன்மேட்டில் கடை வைத்து ஏலக்காய் வியாபாரம் செய்கிறேன். புற்றடி, போடிநாயக்கனூர் என இரண்டு ஏல மையங்களிலும் காய் எடுப்பது வழக்கம். போன வாரம் மத்திய ஜி.எஸ்.டி. அலுவலகம் ஒன்றிலிருந்து மின்னஞ்சலில் சம்மன் வந்தது. “ஜி.எஸ்.டி. விசாரணை தொடர்பாக” என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் அதில் இல்லை. ஐந்து வருடக் கணக்குகளோடு நான்கு நாளில் நேரில் வர வேண்டுமாம். போகாமல் இருக்க முடியுமா? உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கிவிடலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். – வாசகர், வண்டன்மேடு

பதில்: போகாமல் இருக்க முடியாது. 2017ஆம் ஆண்டின் மத்திய சரக்கு சேவை வரிச் சட்டம், 70ஆம் பிரிவின்படி, சாட்சியம் சொல்வதற்கும் ஆவணங்களைக் கொடுப்பதற்கும் தேவை என்று தாம் கருதும் எவரையும் அழைக்கும் அதிகாரத்தை உரிய அதிகாரிக்குத் தருகிறது. உரிமையியல் நீதிமன்றம் ஒரு சாட்சியை எப்படி வரவழைக்கிறதோ அப்படியே அவரும் வரவழைக்கலாம். அந்த விசாரணை நீதிமன்ற நடவடிக்கையாகவே கருதப்படும் என்று சட்டம் சொல்வதால், அங்கே பொய் சொல்வது பொய்ச்சாட்சி சொல்வதற்குச் சமமான குற்றமாகும். சம்மன் வந்தும் ஆஜராகாதவருக்கு 122ஆம் பிரிவின்படி 25,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். 2024 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய உட்பிரிவு, அழைக்கப்பட்டவர் நேரிலோ, அதிகாரி அனுமதித்தால் அவருடைய பிரதிநிதி மூலமாகவோ ஆஜராகி உண்மையைச் சொல்லக் கடமைப்பட்டவர் என்று வெளிப்படையாகவே கூறுகிறது. ஆகவே பதிலே சொல்லாமல் இருந்துவிடுவது உங்களுக்கு நீங்களே தேடிக்கொள்ளும் வினையாக முடியும்.

ஆனால் அதிகாரி எழுதியனுப்பிய எந்தத் தாளும் சம்மன் ஆகிவிடாது. முதலில் அதில் ஆவண அடையாள எண் (DIN) இருக்கிறதா என்று பாருங்கள். மத்திய மறைமுக வரி வாரியம் 2019 நவம்பரிலும் டிசம்பரிலும் வெளியிட்ட சுற்றறிக்கைகளின்படி, அந்த எண் இல்லாத சம்மன் செல்லாது. 2025இல் வந்த சுற்றறிக்கைகளுக்குப் பிறகு, இணையத்தில் சரிபார்க்கக்கூடிய குறிப்பு எண்ணோ வெளியீட்டு எண்ணோ இருந்தாலும் போதும். விதிவிலக்கான சூழ்நிலையில் காரணத்தைக் கோப்பில் எழுதி வைத்துவிட்டு எண் இல்லாமல் அனுப்பலாம், ஆனால் 15 வேலை நாட்களுக்குள் அதை முறைப்படுத்தியாக வேண்டும். வாரியத்தின் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் சம்மன் உண்மையா என்பது உடனே தெரிந்துவிடும். போலிச் சம்மன்கள் குறித்து வாரியமே எச்சரித்திருப்பதால் இந்தச் சோதனையை எவரும் தவிர்க்க வேண்டாம். மாநில வரித்துறைகளும் இந்த முறையைக் கொண்டுவர வேண்டும் என்ற வழக்கு 2022இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, இதை ஏற்கெனவே நடைமுறைப்படுத்தியவையாகச் சுட்டப்பட்ட மாநிலங்கள் கேரளமும் கர்நாடகமும் மட்டுமே. இந்த விஷயத்தில் கேரளத்து வியாபாரிக்குக் கிடைத்திருக்கும் பாதுகாப்பு பெரியது. அதை நம்மவர்கள் பயன்படுத்துவதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

அடுத்தது காரணம். 2022 ஆகஸ்ட் 17 அன்று வாரியம் தன் அதிகாரிகளுக்கு ஓர் அறிவுறுத்தல் அனுப்பியது. கண்காணிப்பாளர் சம்மன் அனுப்புவதானால் உதவி ஆணையர் அல்லது துணை ஆணையர் பதவிக்குக் குறையாத அதிகாரியிடம் எழுத்துப்பூர்வ முன் அனுமதி பெற வேண்டும், கடிதம் எழுதிக் கேட்டாலே கிடைக்கும் தகவலுக்குச் சம்மன் கூடாது, ஜி.எஸ்.டி. இணையதளத்திலேயே இருக்கும் ஆவணங்களைக் கேட்டுச் சம்மன் அனுப்பக் கூடாது என்பவை அதில் முக்கியமானவை. 2024 மார்ச் 30 தேதியிட்ட இன்னோர் அறிவுறுத்தல், எந்த விஷயம் குறித்த விசாரணை என்பதைக் குறிப்பாகத் தெரிவிக்க வேண்டும், பொத்தாம்பொதுவாக எழுதக் கூடாது என்கிறது. உங்களுக்கு வந்த சம்மனின் வாசகம் அந்த அறிவுறுத்தல் விலக்கச் சொல்லும் வகையைச் சேர்ந்தது.

ஆகவே உடனே ஒரு பதில் எழுதுங்கள். சம்மன் கிடைத்தது, ஒத்துழைக்கத் தயாராக இருக்கிறேன், எந்தக் காலத்துக்கான எந்தப் பரிவர்த்தனை குறித்த விசாரணை என்பதைத் தெரிவித்தால் உரிய ஆவணங்களோடு வருவேன், ஐந்து வருடக் கணக்குகளைத் திரட்ட இத்தனை நாள் வேண்டும் என்று மரியாதையாகவும் தெளிவாகவும் எழுதி, மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். புதிய தேதி கிடைக்காவிட்டால் குறித்த தேதியிலேயே இருப்பதை எடுத்துக்கொண்டு போய், கடிதத்தின் நகலையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அத்தனை வருடக் கணக்கு என்னிடம் இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஆண்டு அறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும் என்று 36ஆம் பிரிவு சொல்கிறது.

உயர் நீதிமன்றத்துக்குப் போகும் யோசனையை நான் ஆதரிக்கவில்லை. சம்மன் நிலையிலேயே உயர் நீதிமன்றங்கள் கூடியவரை குறுக்கிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் ஒரு சுங்க வழக்கில் 2007ஆம் ஆண்டே சொல்லிவிட்டது. அனுப்பியவருக்கு அதிகாரமே இல்லை, அல்லது அப்பட்டமான கெட்ட நோக்கம் இருக்கிறது என்று ஆவணத்தைக் கொண்டே காட்ட முடிந்தால் ரிட் மனுவுக்கு வழி உண்டு. மற்ற மனுக்களில் பெரும்பாலும் கிடைப்பது, “ஆஜராகி ஒத்துழைக்கவும், அதிகாரிகள் வற்புறுத்தலில் ஈடுபடக் கூடாது” என்ற அளவிலான உத்தரவுதான். அடியும் மிரட்டலும் நடக்கும் என்று உண்மையாகவே அஞ்சுகிறவருக்கு அந்த உத்தரவும் மதிப்புள்ளது. உங்கள் கடிதத்தில் அப்படிப்பட்ட அச்சம் எதுவும் தெரியவில்லை.

கேள்வி: ஐயா, என் அப்பாவுக்கு 68 வயது. கொப்பரை வியாபாரம். அவரைக் காலை பத்தரை மணிக்கு அலுவலகத்துக்கு வரச் சொல்லி, இரவு ஒன்பது மணிக்கு மேல் அனுப்பினார்கள். மலையாளத்தில் தட்டச்சு செய்த ஆறு பக்கங்களில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அப்பா மலையாளம் நன்றாகப் பேசுவார், ஆனால் படிக்கத் தெரியாது. சரக்கு வராமலே பில் வாங்கியதாக அவர் ஒப்புக்கொண்டதைப் போல அதில் எழுதியிருப்பதாக இப்போது தெரிகிறது. கையெழுத்துப் போட்ட பிறகு ஏதாவது செய்ய முடியுமா? – வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: அம்மா, செய்ய முடியும், ஆனால் இந்த வாரமே செய்ய வேண்டும். எனக்கு வந்த கடிதங்களில் என்னை மிகவும் கலங்க வைத்தது உங்களுடையதுதான் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

காவல் துறை அதிகாரியிடம் சொன்ன குற்ற ஒப்புதலை நீதிமன்றத்தில் ஒருவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது என்பது பலருக்கும் தெரியும். வரி அதிகாரிகள் அந்த அர்த்தத்தில் காவல் அதிகாரிகள் அல்லர் என்று 1968ஆம் ஆண்டுத் தீர்ப்பிலிருந்தே உச்ச நீதிமன்றம் சொல்லி வருகிறது. 2025 பிப்ரவரி 27 அன்று ஜி.எஸ்.டி., சுங்கக் கைது அதிகாரங்கள் பற்றி வந்த தீர்ப்பிலும் அந்த நிலை மாறவில்லை. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்னும் அரசியல் சட்டத்தின் 20(3) கூறும், குற்றம் சாட்டப்பட்டவர் என்ற நிலையை அடைந்தவருக்கே பொருந்தும் என்பதால், சம்மனில் அழைக்கப்பட்டவருக்கு அது எளிதில் உதவாது. எனவே உங்கள் அப்பா கையெழுத்திட்ட அந்த ஆறு பக்கங்களை வெற்றுக் காகிதம் என்று நினைத்துவிட முடியாது. அதைச் சொல்லாமல் உங்களுக்கு ஆறுதல் மட்டும் சொல்வது நேர்மையாகாது.

ஆனால் ஒப்புதல் என்பது முடிந்த முடிவும் அல்ல. கேரளத்து ரப்பர் தோட்ட நிறுவனம் ஒன்றின் விவசாய வருமான வரி வழக்கில், ஒப்புதல் மிக முக்கியமான சான்றுதான் என்றாலும் அதை இறுதியானதாகக் கொள்ள முடியாது, அது தவறு என்று காட்ட ஒப்புக்கொண்டவருக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1971இல் தீர்ப்பளித்தது. கொச்சி மத்திய கலால் அலுவலகம் சம்பந்தப்பட்ட தங்க வழக்கு ஒன்றில், 1997இல் அதே நீதிமன்றம் மறுபக்கத்தையும் சொன்னது. பின்னால் மறுக்கப்பட்ட வாக்குமூலமாக இருந்தாலும், அது தானாக முன்வந்து தரப்பட்டது, உண்மையானது என்று நீதிமன்றம் திருப்தி அடைந்தால் அதை நம்பலாம், ஆனால் அதைக் கவனமாகச் சலித்துப் பார்த்துப் பொதுவான ஆதரவுச் சான்றையும் தேட வேண்டும் என்பது அத்தீர்ப்பு. இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால், உங்கள் அப்பா எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு விவரமாக மறுக்கிறார், மறுப்புக்கு ஆதாரமாக எதைக் காட்டுகிறார் என்பவையே எல்லாவற்றையும் தீர்மானிக்கும் என்பது விளங்கும்.

அவர் ஒரு பிரமாண வாக்குமூலம் எழுதட்டும். எத்தனை மணிக்கு உள்ளே போனார், எப்போது வெளியே வந்தார், சாப்பாடும் மாத்திரையும் கிடைத்தனவா, யார் கேட்டார்கள், யார் தட்டச்சு செய்தார்கள், தமிழில் யாராவது படித்துச் சொன்னார்களா, எந்த வாக்கியம் அவர் சொன்னது, எந்த வாக்கியம் சொல்லாதது என்று ஒவ்வொன்றாக இருக்கட்டும். “என்னை மிரட்டினார்கள்” என்ற ஒற்றை வரிக்கு மதிப்புக் குறைவு. சரக்கு உண்மையில் வந்ததற்கான லாரி வாடகை ரசீது, எடை மேடைச் சீட்டு, இ-வே பில், வங்கியில் பணம் போன பதிவு ஆகியவற்றின் நகல்களை இணையுங்கள். சம்மன் அனுப்பிய அதிகாரிக்கும் அவருடைய மேலதிகாரிக்கும் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். மாதக்கணக்கில் காத்திருந்து, விளக்கம் கேட்கும் நோட்டீஸ் வந்த பிறகு மறுத்தால், “வக்கீல் சொல்லிக் கொடுத்தது” என்று அதைத் தள்ளிவிடுவார்கள்.

அலுவலகத்தில் கண்காணிப்பு கேமரா இருந்தால் அன்றைய பதிவைப் பாதுகாக்கும்படியும் அதே கடிதத்தில் கேளுங்கள். விசாரித்துக் கைது செய்யும் அதிகாரம் உள்ள மத்திய அமைப்புகளின் அலுவலகங்களில் கேமரா பொருத்த வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகமும் அந்தப் பட்டியலில் பெயரோடு இருக்கிறது.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் மாநிலத் தலைமைச் செயலகத்தோடும் துறைத் தலைவர்களோடும், சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள மாநில அரசு அலுவலகங்களோடும் தங்கள் மொழியிலேயே கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்ளவும், அதே மொழியில் பதில் பெறவும் வழி செய்திருக்கிறது. மத்திய அலுவலகத்தை அது கட்டுப்படுத்தாது. எந்த அலுவலகமாக இருந்தாலும், வாக்குமூலத்தைத் தமிழில் என் கைப்பட எழுதித் தருகிறேன் என்று கேட்கலாம். மறுத்தால், கையெழுத்துக்கு மேலே தமிழில், “எனக்கு மலையாளம் படிக்கத் தெரியாது, இன்னார் தமிழில் படித்துச் சொன்னார்” என்றோ, “எவரும் படித்துச் சொல்லவில்லை” என்றோ, நடந்ததை எழுதிவிட்டுக் கையெழுத்திடலாம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு வெல்ல வியாபாரியோடு இப்படி ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். என்னை வராந்தாவில் உட்கார வைத்துவிட்டார்கள். பாதிக் கண்ணாடிக் கதவு வழியாக அவருடைய கைகள் மட்டும் தெரிந்தன. கடைசிப் பக்கத்தில் எழுத்து முடிந்த இடத்துக்கும் கையெழுத்துக்கும் நடுவே நான்கு விரற்கடை வெற்றிடம் இருந்தது. அவர் பேனாவை எடுத்து அந்த வெற்றிடத்தின் குறுக்கே மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்து, கோட்டின் மேல் நேரத்தையும் எழுதிவிட்டுப் பிறகே கையெழுத்திட்டார். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். பத்திரப் பதிவு அலுவலகத்தில் தன் அப்பா செய்ததைப் பார்த்துக் கற்றதாகப் பிறகு சொன்னார். அந்தக் கோட்டை யாரும் ஆட்சேபிக்கவில்லை.

கேள்வி: விசாரணையின்போது வழக்கறிஞர் பக்கத்தில் இருக்கலாமா? – வாசகர், குமுளி

பதில்: உரிமையாகக் கோர முடியாது என்பதே 1992ஆம் ஆண்டுத் தீர்ப்பிலிருந்து உச்ச நீதிமன்றத்தின் நிலை. சம்மனில் வந்தவர் குற்றம் சாட்டப்பட்டவர் அல்லர் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். 2011இல் வேறொரு வழக்கில், அழைக்கப்பட்டவரின் உடல்நிலையைக் கருதி, வழக்கறிஞர் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், ஆனால் காதுக்குக் கேட்காத தூரத்தில் இருக்க அனுமதி கிடைத்தது. வயது, நோய், முந்தைய மிரட்டல் ஆகியவற்றுக்கு ஆதாரம் காட்டி முன்கூட்டியே அதிகாரியிடம் எழுத்தில் கேளுங்கள், மறுத்தால் உயர் நீதிமன்றத்தில் இந்த ஓர் அளவான கோரிக்கையை மட்டும் வையுங்கள். சம்மனையே ரத்து செய்யக் கேட்பதைவிட இது பலிக்கும் வாய்ப்பு அதிகம். பத்து மணி நேரம் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதருக்குக் கண்ணாடிக்கு வெளியே தெரிந்த முகம் ஒன்று இருப்பது எவ்வளவு பெரிய பலம் என்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன். சட்டம் இதை உரிமையாகவே ஆக்க வேண்டும் என்பது என் கருத்து.

கேள்வி: பொள்ளாச்சியிலும் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவிலும் எனக்குத் தனித்தனி ஜி.எஸ்.டி. பதிவு உண்டு. தமிழ்நாட்டு அதிகாரிகள் விசாரித்துக்கொண்டிருக்கும்போதே கேரளத்திலிருந்தும் சம்மன் வருகிறது. ஒரே விஷயத்துக்கு இரண்டு விசாரணை செல்லுமா? – வாசகர், கோபாலபுரம்

பதில்: இரண்டு மாநிலப் பதிவுகளும் சட்டத்தின் பார்வையில் இரண்டு தனி நபர்கள். ஆகவே ஒன்றில் விசாரணை நடப்பது மற்றதற்குத் தானாகத் தடையாகாது. ஒரே பதிவின் மேல், ஒரே விஷயத்துக்காக, மாநில அதிகாரியும் மத்திய அதிகாரியும் தனித்தனியே நடவடிக்கை எடுப்பதைத்தான் 6ஆம் பிரிவு தடுக்கிறது. அதிலும், சம்மன் அனுப்புவது மட்டுமே “நடவடிக்கை தொடங்கியது” ஆகாது என்று 2025 ஆகஸ்ட் 14 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. முதலில் சம்மனுக்கு ஆஜராக வேண்டும், இதே விஷயத்தை இன்னொரு துறை விசாரிக்கிறது என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும், பிறகு இரு துறைகளும் தங்களுக்குள் பேசிச் சரிபார்க்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு வழி வகுத்திருக்கிறது. நீங்கள் எழுதிக் கொடுக்காவிட்டால் அந்த வழி திறக்காது.

கேள்வி: நான் ஒரு கடையில் கணக்குப்பிள்ளை. முதலாளியின் வழக்கில் எனக்கும் சம்மன் வந்திருக்கிறது. நான் போக வேண்டுமா? – வாசகர், நெடுங்கண்டம்

பதில்: போக வேண்டும், தம்பி. தேவைப்படும் எவரையும் அழைக்கலாம் என்பதே சட்டத்தின் வாசகம். தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். முதலாளியின் மனத்தில் என்ன இருந்தது என்ற கேள்விக்கு “எனக்குத் தெரியாது” என்பது முழுமையான பதில். உங்கள் வார்த்தையை வைத்து முதலாளி மேல் உத்தரவு போடுவதானால், உங்களைக் குறுக்கு விசாரணை செய்ய அவருக்கு வாய்ப்புத் தர வேண்டும். அதை மறுத்துப் போட்ட உத்தரவை 2015இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது.

கேள்வி: நகரியில் விசைத்தறி வைத்திருக்கிறேன். சோதனைக்கு வந்தவர்கள் கைப்பேசியை எடுத்துக்கொண்டார்கள். இப்போதே பணம் கட்டு, இல்லாவிட்டால் கைது என்கிறார்கள். – வாசகர், நகரி

பதில்: பணம் கட்டிவிடாதீர்கள். சோதனை நடக்கும் இடத்திலேயே வரி வசூலிக்க வற்புறுத்தக் கூடாது என்று 2022 மே 25 அன்று வாரியமே தன் அதிகாரிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. ஏற்கெனவே கட்டியிருந்தால், வற்புறுத்தலின் பேரில் கட்டியது என்று தாமதமின்றி எழுதுங்கள். வரி ஏய்ப்புத் தொகை 5 கோடி ரூபாயைத் தாண்டும் குறிப்பிட்ட குற்றங்களே பிணையை உரிமையாகக் கேட்க முடியாதவை. 2025 பிப்ரவரித் தீர்ப்பின்படி, கைது அச்சம் நியாயமானதாக இருந்தால் வழக்குப் பதிவாகும் முன்பே முன்ஜாமீன் கேட்கலாம். கைதிலிருந்து பாதுகாப்புத் தர மறுத்து அதற்கு முன் ஹைதராபாத்திலிருந்து வந்த 2019ஆம் ஆண்டு உயர் நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டி உங்களைப் பயமுறுத்தினால் கலங்க வேண்டாம். கைப்பற்றியவற்றைப் பதியும் மகஜரில் கைப்பேசி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். கைப்பற்றிய ஆவணங்களின் நகலைக் கேட்க 67ஆம் பிரிவு உரிமை தருகிறது. விசாரணைக்குக் கேடு வரும் என்று அதிகாரி கருதினால் மட்டுமே மறுக்கலாம்.

கேள்வி: வருமான வரிக்காரர்கள் கடைக்குச் சர்வே வந்து, சத்தியம் வாங்கிக்கொண்டு வாக்குமூலம் எழுதினார்கள். அது செல்லுமா? – வாசகர், ஆரியங்காவு

பதில்: சர்வே என்பது வியாபார இடத்துக்கு வந்து கணக்குகளைப் பார்ப்பது; 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 133ஏ பிரிவின்கீழ் வருவது. அதில் சத்தியப் பிரமாணம் செய்து வைக்கும் அதிகாரம் அதிகாரிக்கு இல்லை என்பதால் அந்த வாக்குமூலத்துக்குத் தனியே சான்று மதிப்பு இல்லை என்று கேரள உயர் நீதிமன்றம் 2003இல் சொன்னது. சென்னை உயர் நீதிமன்றமும் அதே வழியில் தீர்ப்பளிக்க, உச்ச நீதிமன்றம் 2012இல் அதை உறுதி செய்தது. 132ஆம் பிரிவின்படி நடக்கும் சோதனை வேறு. அங்கே சத்தியப் பிரமாணம் உண்டு, அந்த வாக்குமூலத்துக்கு வலுவும் உண்டு. ஆகவே அன்று வந்தவர்கள் காட்டிய உத்தரவில் எந்தப் பிரிவு எழுதியிருந்தது என்பதை முதலில் பாருங்கள். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறியிருப்பதால், உத்தரவின் தேதியையும் குறித்துக்கொண்டு நகலோடு எழுதுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.